இருட்டறையில் பார்த்து வாங்கிய பின்விளக்கு

அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற இடத்துக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஒரு சின்ன அறை உண்டு. ஒன்றையடுத்து ஒன்றாக இரண்டு கதவுகள். முதல் கதவைச் சாத்திவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். உள்ளே மருந்துத் தண்ணீர் நிரப்பிய தொட்டிகள், ஒரு குழாய், ஃபிலிம் மாட்டுகிற எஃகுச் சட்டங்கள், மூலையில் மங்கலாக ஒரு சிவப்பு விளக்கு. புதிதாக வருகிறவர்கள் நுழைந்ததும் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார்கள். அவளோ, வந்தவரிடம் பேசிக்கொண்டே ஃபிலிமை உருவி, சட்டத்தில் மாட்டி, தொட்டியில் இறக்கி, கையைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான் வேலை. பௌதிகத்தில் பட்டம் வாங்கிவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்குக் காத்திருந்த நாட்களில், கொஞ்ச நாளைக்குப் பார்க்கலாம் என்று நுழைந்தவள். அந்தக் கொஞ்ச நாள் வளர்ந்து தலையில் நரை விழுகிற வரைக்கும் வந்துவிட்டது. மற்ற இடங்களில் எல்லாம் ஃபிலிமே இல்லாத மிஷின் வந்துவிட்டாலும், அவர்கள் ஆஸ்பத்திரியில் மட்டும், ஓடுகிற வரை ஓடட்டும் என்று பழையதையே வைத்திருந்தார்கள். அங்கே எல்லாருக்கும் அவள் 'இருட்டு அக்கா'. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

வீட்டிலும் அப்படித்தான். கரண்டு போனால் அக்கம்பக்கமெல்லாம் தீப்பெட்டி தேடும். அவள் வெங்காயம் நறுக்குவதைக்கூட நிறுத்தமாட்டாள். "எங்கடி இருக்க? ஒரு சத்தமாவது குடு. போயும் போயும் பூனைக்கு வாக்கப்பட்டுட்டேன்" என்று வீட்டுக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு புலம்புவார். பள்ளிச் சீருடை தைக்கிற கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். ஊருக்கே மாஸ்டர்.

வெளிச்சம் சம்பந்தப்பட்ட எதுவானாலும் அந்தக் கட்டிடத்தில் அவளைத்தான் கேட்பார்கள். வரவேற்பறையில் எந்த ட்யூப்லைட் போடலாம், ஆபரேஷன் அறை பல்பு ஏன் மஞ்சளாக எரிகிறது, எல்லாவற்றுக்கும். அவளும் அண்ணாந்து பார்த்துவிட்டு ஏதாவது சொல்லுவாள். சொன்னது இதுவரை தப்பியதில்லை. அவள் கண்மேல் மற்றவர்களுக்கு இருந்த நம்பிக்கை அவளுக்கும் இருந்தது. அது கர்வம் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. தன் கைகால் மாதிரி, இருக்கிற ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

அவளுக்கு ஒரே தம்பி. பர்னிச்சர் கிடங்கில் வேலை. தினமும் சைக்கிளில் போய் வருவான். இருட்டிய பிறகு வருகிறானே என்று அவளுக்குக் கவலை. "பின்னாடி ஒரு லைட் மாட்டுடா" என்று பார்க்கிறபோதெல்லாம் சொல்லுவாள். கடைசியாகப் பார்த்தபோதும் அதைத்தான் சொன்னாள்.

"மாட்டிட்டேன்க்கா. விடுக்கா. ரேடியோ மாதிரி அதையே சொல்லிக்கிட்டு."

"எங்க, காட்டு."

"சைக்கிளை மாடிக்குத் தூக்கிட்டு வரவா?"

அதற்கடுத்த வாரம் ஒரு சாயங்காலம், கருக்கலில், ஒரு பால் வேன் அவனைப் பின்னாலிருந்து இடித்தது. டிரைவர் ஓடிப்போகவில்லை. அவனே தூக்கிப்போட்டுக்கொண்டு பக்கத்திலிருந்த வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பிணவறை வாசலில் தரையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். "லைட் இல்லைங்க. சத்தியமா லைட் இல்லைங்க. ஆள் இருக்கறதே தெரியலைங்க." சைக்கிளின் பின்பாதி இரும்புச் சுருளாகிப் போயிருந்தது. அதில் விளக்கு இருந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தேடிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. அந்த டிரைவரின் முகத்தைப் பார்த்தவர்கள் அவன் பொய் சொல்கிறான் என்று நினைக்க வழியில்லை.

அப்படியானால் பொய் சொன்னது தம்பி.

இதுதான் அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. மற்றவர்கள் அழுதார்கள். அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. "மாட்டிட்டேன்னு சொன்னானே. என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னானே" என்று மாஸ்டரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுவாள். செத்தவனிடம் சண்டை போட முடியாது. போடாமல் இருக்கவும் அவளால் முடியவில்லை. அவன் படத்தைக் கூடத்தில் மாட்டலாமா என்று மாஸ்டர் கேட்டபோது, "இப்ப வேண்டாம்" என்றாள். ஒரு வருஷத்துக்கு மேலாகியும் அந்த 'இப்ப' முடியவில்லை.

மழைக்காலம் வந்து பொழுது சீக்கிரம் இருட்டத் தொடங்கியதும் பயம் மாஸ்டர் பக்கம் திரும்பியது. அவருடைய கம்பெனி ஊருக்கு வெளியே. பஸ் போகாது. அவரும் சைக்கிள்தான். நெடுஞ்சாலை வழியாக வந்தால் சீக்கிரம் வந்துவிடலாம். ஆனால் அவர் பயந்த சுபாவம், எப்போதும் கால்வாய் ஓரமாகச் சுற்றிக்கொண்டுதான் வருவார். அப்படியும் அவளுக்கு ஆறவில்லை. "உங்களுக்கு நானே பார்த்து வாங்கறேன். நீங்க வாங்கினேன்னு சொன்னா நான் நம்பமாட்டேன்" என்றாள். யாரை நினைத்துச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

சைக்கிள் கடைக்காரர் அவளுக்கு வேண்டியவர். மணிக்கட்டு முறிந்து வந்தபோது அவள்தான் படம் எடுத்தாள். பட்டப்பகலில், வாசல் வெயில் அடிக்கிற கடையில், அவர் மூன்று விளக்குகளை மேஜைமேல் வைத்து எரியவிட்டார்.

"இதைப் பாருங்க மேடம். ஏரோப்ளேன்ல போறவனுக்கே தெரியும்."

"ஏரோப்ளேன் எங்க வீட்டுக்காரரை இடிக்கப் போறதில்ல."

"அப்ப இது. கண்ணடிச்சுக் கண்ணடிச்சு எரியும்."

"அவர் கண்ணடிச்சுக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

கடைக்காரர் சிரித்துவிட்டு, பொத்தான் அளவில் இருந்த மூன்றாவதைத் தள்ளி வைத்தார். "இது சும்மா பேருக்கு. பேட்டரி மட்டும் மாசக்கணக்கா நிக்கும். ஆனா பெரிசையே வாங்குங்க. சொல்றதைச் சொல்லிட்டேன்."

வெயிலில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. "இந்த வெளிச்சத்துல பார்த்து என்ன தெரியும்? என் ரூம்ல வச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. என் எலும்பையே பார்த்தவங்க நீங்க. உங்ககிட்ட ஒளிக்க என்ன இருக்கு?"

அன்று மதியம் வேலை ஓய்ந்ததும் ஃபிலிம்களையெல்லாம் பெட்டியில் பூட்டிவிட்டு, இரண்டு கதவையும் சாத்தி, சிவப்பு விளக்கையும் அணைத்தாள். கண் பழகட்டும் என்று ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அங்கே எதைப் பார்ப்பதானாலும் அதுதான் முறை. பிறகு பெரியதை அமுக்கினாள். அறையே தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அணைத்த பிறகும் கண்ணுக்குள் பச்சைப் பச்சையாகத் திட்டுகள் மிதந்தன. பின்னால் வருகிறவன் கண் அவிந்து, கடைசியில் அவனே வந்து இடிப்பானே என்று நினைத்தாள். கண்ணடிக்கிற விளக்கு, உயிர் போகிற ட்யூப்லைட் மாதிரி துடித்தது. மூன்றாவதை அமுக்கினாள். அடர்த்தியான, அசையாத சிவப்பு. தொட்டிகளின் விளிம்பு தெரிந்தது. சுவரில் சட்டங்களின் நிழல் விழுந்தது. உள்ளங்கை ரேகை தெரிந்தது. எதிர் மூலையில் வைத்துவிட்டு வந்து பார்த்தாள். மருந்து பாட்டிலில் ஒட்டியிருந்த எழுத்தைப் படிக்க முடிந்தது. இவ்வளவு சின்னதற்குள் இவ்வளவு வெளிச்சமா என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

அதையே வாங்கினாள். சீட்டுக்குக் கீழே கம்பியில் அவளே மாட்டி, திருகை இறுக்கி, ஆட்டிப் பார்த்தாள்.

"இது போதுமா?" என்றார் மாஸ்டர்.

"போதுமாவா? கும்மிருட்டுல வச்சுப் பார்த்தேன். ரெண்டு தெருவுக்குத் தெரியும். இனிமே நிம்மதியா வாங்க."

ஆஸ்பத்திரியிலும் விஷயம் பரவிவிட்டது. இருட்டு அக்காவே அந்த இருட்டறையில் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த விளக்கு என்றால் அதற்கு மேல் என்ன? முதலில் மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற பெண் வாங்கினாள். அப்புறம் ஆளாளுக்கு. சைக்கிள் கொட்டகைக்குள் வரிசையாக அந்தச் சிவப்புப் பொத்தான்கள் எரிவதைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. என் பேச்சைக் கேட்டிருந்தால் அவனும் இருந்திருப்பானே என்று உடனே தோன்றும். பெருமை அங்கேயே நின்றுவிடும்.

ஒரு நாள் ஃபிலிம் தீர்ந்துபோனது. மொத்தக் கடை தூரத்தில் இருந்தது. பெட்டியின் தேதி பார்த்து வாங்க வேண்டும் என்பதால் ஆஸ்பத்திரி வேனில் அவளையே அனுப்பினார்கள். திரும்புகிறபோது தூறல். கருக்கல் நேரம். நெடுஞ்சாலையில் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. எதிரே முகப்பு விளக்குகள், முன்னால் பஸ்ஸின் பிரேக் விளக்குகள், ரோட்டோரக் கடைகளின் பெயர்ப் பலகைகள். எல்லாம் நனைந்த தாரில் கலங்கி ஓடின. அவள் முன்சீட்டில் ஃபிலிம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயதான டிரைவர், பல் வலியைப் பற்றி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்.

சொல்லிக்கொண்டிருந்தவர், "ஐயோ" என்றார்.

வேன் குலுங்கி நின்றது. பெட்டி மடியிலிருந்து எகிறிக் கண்ணாடியில் மோதியது. அவள் நிமிர்ந்து பார்த்தபோது, வண்டியின் மூக்குக்கு நேரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு முதுகு. கறுப்பு நீலச் சட்டை. ஈரமான ஒரு சைக்கிள். அது தன் பாட்டுக்கு நடுரோட்டில் போய்க்கொண்டிருந்தது. பின்னால் டயர் கிறீச்சிட்டது தன்னால்தான் என்றுகூடத் தெரியாமல், தலையை லேசாக ஆட்டிக்கொண்டு, ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போகிற முதுகு. அந்தச் சட்டையின் தோளில் பிரிந்திருந்த தையலை அன்று காலையில்தான் அவள் போட்டாள்.



டிரைவர் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "பார்த்தீங்களாம்மா? பார்த்தீங்களா அவனை? ஒரு லைட்டு கூடக் கிடையாது. பழியை நம்ம தலையில கட்டிட்டுப் போறதுக்குன்னே வரானுங்க."

"லைட் இருக்குண்ணே."

"எங்கம்மா இருக்கு?"

"எரியுது. பாருங்க."

டிரைவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். அவளும் பார்த்தாள். எங்கே இருக்கிறது என்று தெரிந்தே தேடினாள். பஸ்ஸின் இரண்டு பெரிய சிவப்புகளுக்கு நடுவே, ஒரு ஹோட்டல் பலகையின் சிவப்புக்குக் கீழே, தாரில் ஓடுகிற நூறு சிவப்புகளுக்குள், ஒரு பொட்டு. அணையப்போகிற ஊதுபத்தி நுனி அளவு. அடுத்த வண்டி குறுக்கே வந்ததும் அதுவும் போய்விட்டது.

"சத்தியமா எனக்குத் தெரியலம்மா," என்றார் டிரைவர். "லைட் இல்லைன்னுதான் கோர்ட்ல கூடச் சொல்லியிருப்பேன்."

அந்தக் குரலை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். பிணவறை வாசலில், தரையில் உட்கார்ந்திருந்த ஒருவனின் குரல். அதே 'சத்தியமா'. அந்தப் பால் வேன்காரனும் பொய் சொல்லவில்லை. இவர் மாதிரிதான் அவனும், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல்.

அப்படியானால் தம்பி?

மாட்டிட்டேன்க்கா, விடுக்கா. அவன் மாட்டியிருக்கலாம். எரியவிட்டும் இருக்கலாம். அது எரிவதை நம்பிக்கொண்டே, இந்த முதுகைப் போலவே தலையை ஆட்டிக்கொண்டு, நடுரோட்டில் போயிருக்கலாம். இனி அதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. அந்த இரும்புச் சுருள் எந்த உலையில் உருகிப் போனதோ. ஒரு வருஷமாக அவள் மனதுக்குள் அவனைப் பொய்யன் என்று ஏசிக்கொண்டிருந்தது மட்டும் நிச்சயம்.

"அண்ணே, அந்த சைக்கிளுக்குப் பின்னாடியே போங்க. முந்தாதீங்க. ஹாரன் அடிச்சு ஓரங்கட்டுங்க. அது எங்க வீட்டுக்காரர்."

டிரைவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஹாரனை அமுக்கி, சைக்கிளை மெல்ல ஓரங்கட்ட வைத்தார். அவருடைய பல் வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

சைக்கிளை வேனுக்குள் ஏற்றி, மாஸ்டரைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார வைத்துக் கூட்டி வந்தார்கள். நடந்தது என்னவென்று வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. ஈரத்தலையைத் துடைக்காமல், துண்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"நீங்க ஏன் மெயின் ரோட்டுல வந்தீங்க? கால்வாய் பக்கம்தானே வருவீங்க?"

"அது லைட் மாட்டறதுக்கு முன்னாடி."

"என்னது?"

"நீதானே சொன்னே, ரெண்டு தெருவுக்குத் தெரியும்னு. அப்புறம் எதுக்குச் சுத்திக்கிட்டு? ஓரமாப் போனா பள்ளம். நடுவுலயே வந்துடறேன். நிம்மதியா வாங்கன்னு நீதான்..." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சத்தில், தன் வீட்டுக்குள், கை தானாகச் சுவரைத் தேடியது. அவர் பயந்து பயந்து வந்த வரைக்கும் பத்திரமாகத்தான் இருந்தார். அந்தப் பயத்தை எடுத்துவிட்டது அவள்.

"அந்த ரூம்ல பார்த்தேங்க," என்றாள். "அங்க ஊசி முனையில நெருப்பு வச்சாலும் சூரியன் மாதிரிதான் தெரியும். இது எனக்குத் தெரியாதா? படிச்சிருக்கேன். தினமும் அதுலதான் வேலை. ரோட்டுல மத்த வெளிச்சம் இருக்கும்னு... அது எப்படித் தோணாம போச்சு?"

மாஸ்டர், "சரி விடு, முட்டலை இல்ல?" என்றார். மெல்ல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "எவ்வளவு கிட்ட வந்தீங்க?" என்று கேட்டார்.

அவள் கையை நீட்டிக் காட்டினாள். அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனவள் கையெழுத்துகூடப் போடாமல் ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொன்னாள். அந்த லைட்டை நம்பாதீங்க, இன்னிக்கு அதை வச்சுக்கிட்டு ரோட்டுல இறங்காதீங்க. யாரும் நம்பவில்லை. "என்னக்கா, நீங்கதான் வாங்கச் சொன்னீங்க, இப்ப நீங்களே வேண்டாம்கறீங்க. கடைக்காரரோட ஏதாவது சண்டையா?" என்று சிரித்தார்கள். சமையற்கட்டுக்காரர் அவளைக் கொட்டகைக்கே இழுத்துக்கொண்டு போய்த் தன் விளக்கைப் போட்டுக் காட்டினார். தகரக் கூரைக்குக் கீழே, இருட்டு மூலையில், அது ஜம்மென்று எரிந்தது. "இதுக்கு என்ன குறைச்சல்?" என்றார். அவளுக்கு அழுகை வந்தது. கொட்டகையும் ஒரு இருட்டறைதான் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

பேசிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்ததும் டிரைவரிடம் போனாள். சாயங்காலம் வேலை மாறுகிற நேரத்தில் அவர் வேனை வெளியே கொண்டுவந்து, ரோட்டைப் பார்க்க ஓரமாக நிறுத்தினார். அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்த மாஸ்டர், தூரத்தில் நடைபாதை மேல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைக்காரரிடம் மறுபடி வாங்கி வந்த பெரிய விளக்கு அவர் சட்டைப் பையில் இருந்தது. வீட்டுக்குக் கிளம்பின ஒவ்வொருவரையும் அவள் டிரைவர் சீட்டில் ஏற்றி உட்கார வைத்தாள்.

"மாஸ்டர் எங்க நிக்கறார் சொல்லுங்க."

"எங்கேக்கா? அந்த பெட்டிக்கடைகிட்டயா?"

"இல்ல."

"அப்ப வரவே இல்லையா?"

"அந்தக் கம்பத்துக்குப் பக்கத்துல. லைட் எரியுது. உங்க சைக்கிள்ல இருக்கற அதே லைட்டு."

சமையற்கட்டுக்காரர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இறங்கும்போது சிரிப்பு இல்லை. "வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கும்மா எனக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே போனார்.

பிறகு மாஸ்டர் விளக்கை மாற்றினார். இப்போது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கண்ணுல குத்துதும்மா. ஆள் இருக்கான்னு தெரியுது, எவ்வளவு தூரத்துல இருக்கான்னு தெரியல." அவள் கையசைத்துக் காட்ட, மாஸ்டர் விளக்கைக் கொஞ்சம் தரைப் பக்கமாகச் சாய்த்தார். இன்னும் கொஞ்சம். "ஆங், அப்படியே வைக்கச் சொல்லுங்க," என்றார் டிரைவர். "இப்ப இருந்தா நான் இடிக்கமாட்டேன்." எது நல்ல விளக்கு என்று தீர்மானிக்க வேண்டியவர் உட்காருகிற இடம் அந்த சீட்டுதான் என்பது அவளுக்கு அப்போது எழுதி ஒட்டின மாதிரி தெரிந்தது.

ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கொட்டகை காலியான பிறகுதான் ஒரு ஆள் குறைவது தெரிந்தது. மருந்தகத்துப் பெண். காவலாளியைக் கேட்டால், "அது அப்பவே பின்கேட் வழியா போயிடுச்சே. அம்மாவுக்கு ஜுரம்னு சொல்லிட்டு ஓடுச்சு," என்றார். காலையில் அவளிடம் சொன்னபோது சிரிக்காமல் தலையாட்டியவள் அவள் ஒருத்திதான். நம்பிவிட்டாள் என்று நினைத்து இருட்டு அக்கா அவளை விட்டுவிட்டாள்.

"எந்த வழியா போவா?"

"மெயின் ரோட்டு வழியாத்தானே போகணும் அவங்க வீட்டுக்கு."

"அண்ணே, வண்டியை எடுங்க."

அவர் ஏனென்று கேட்கவில்லை. மாஸ்டரை அங்கேயே விட்டுவிட்டு வேன் கிளம்பியது. தூறல் மறுபடி பிடித்துக்கொண்டது. அவள் இருக்கையின் நுனிக்கு வந்து, கண்ணாடியில் நெற்றி படக் குனிந்துகொண்டாள். கண்ணுக்குத் தெரியாது என்று தெரிந்த ஒன்றைக் கண்ணால் தேடுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. பல சிவப்புகள் வந்தன. வந்து லாரியாகின, காராகின. டிரைவர் மெதுவாகத்தான் ஓட்டினார், ஆனால் அதுவும் வேகமாகத் தோன்றியது. எந்த நேரமும் அந்த முதுகு மூக்குக்கு நேரே முளைத்துவிடும் என்று அவளுடைய கால், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பால் வேனுக்குள் தானே உட்கார்ந்திருப்பது போல ஒரு கணம் இருந்தது.

விளக்கைத் தேடுவதை விட்டுவிட்டாள். வெளிச்சங்களை மறைத்துக்கொண்டு அசைகிற கறுப்பைத் தேடினாள். பெட்ரோல் பங்கின் வெள்ளைப் பளபளப்புக்குக் குறுக்கே, மழைச் சட்டையின் தொப்பி போட்ட ஒரு உருவம் ஏறி ஏறி மிதித்துக்கொண்டு கடந்தது.

"அதோ. அதோ போறா. மெதுவாண்ணே, மெதுவா. பின்னாடியே போங்க."

வேன் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் போய் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. டிரைவர் எச்சரிக்கை விளக்குகள் நான்கையும் மின்னவிட்டார். முந்துகிறவர்கள் எல்லாம் இப்போது அவளையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு போனார்கள். பின்னால் வரிசை கட்டி ஹாரன் அலறியது. ஒரு லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி டிரைவரின் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனான். டிரைவர் காது கேளாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஹாரன் அடிச்சு நிறுத்தட்டுமாம்மா?"

"வேண்டாம். பயந்து சட்டுனு திரும்பிடப் போறா. அவ தெரு வர்ற வரைக்கும் இப்படியே போங்க."

முன்னால் போகிறவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் பின்னால் ஒரு வண்டி ஏன் இப்படி ஊர்கிறது என்று அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து, போங்க, முன்னாடி போங்க என்று எரிச்சலோடு வீசினாள். வேன் போகவில்லை. இன்னும் கோபமாக வீசினாள்.

இருட்டு அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வீசுகிற ஒவ்வொரு தடவையும், "போகமாட்டேன்டி" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.